ஜிலேபிக்காரர் விரலில் எடுத்த ரத்தம்

நர்சு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கைகளே, விரலில் குத்தி ரத்தம் எடுப்பது எப்படி என்று நான் இங்கே சொல்லித்தரப் போவதில்லை. அதை உங்கள் சிஸ்டர் என்னைவிட நன்றாகச் சொல்லித்தருவார். எந்த விரல், எந்த ஓரம், எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் சீக்கிரமே கைக்கு வந்துவிடும். சீக்கிரம் வராதது ஒன்று உண்டு. குத்திய பிறகு வருகிற பதிலை நம்புவதா வேண்டாமா என்பதுதான் அது. எனக்கு அது எப்படி வந்தது என்று சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். ஆளின் உடம்பைப் பார்த்துத் தைரியத்தை எடை போடாதீர்கள். நான் செந்தூலில் வளர்ந்தவள். அப்பாவுக்கு ரயில்வே பட்டறையில் வேலை. நான் நர்சான பிறகு, அதே பட்டறையில் சம்மட்டி அடிக்கும் ஒருவர் காய்ச்சல் சோதனைக்கு ரத்தம் கொடுக்க என்னிடம் வந்தார். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உருவம். “குத்து மிஸ்ஸி, இதெல்லாம் எனக்குக் கொசுக்கடி” என்று சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்தார். நர்சுகளை அப்போது மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். நான் ஊசியைக் கையில் எடுத்தேன், அவ்வளவுதான். இன்னும் குத்தவே இல்லை. மனிதர் நாற்காலியோடு என் மேல் சாய்ந்துவிட்டார். அவரைப் புரட்டிவிட்டு என்னை வெளியே இழுக்க வராந்தாவில் காத்திருந்தவர்கள் ஓடி வர வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து யாருக்குக் குத்தினாலும் நான் எதிரே நிற்பதில்லை, பக்கத்தில்தான் நிற்பேன். நீங்களும் அப்படியே நில்லுங்கள்.

இனி ஜிலேபிக்காரர் சமாசாரம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் வேலை பார்த்தேன். அவர் பெயரை இங்கே சொல்ல மாட்டேன். ஒல்லியான மனிதர், கெட்டிக்காரர், கோபமே வராது. அந்தக் காலத்தில் சர்க்கரை வியாதி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளச் சிறுநீரைத்தான் சோதிப்பார்கள். ஒரு நீல மருந்தோடு கலந்து கொதிக்க வைத்தால், சர்க்கரை இல்லாதவருக்கு அது நீலமாகவே இருக்கும். இருந்தால் பச்சையாகி மஞ்சளாகி, நிறைய இருந்தால் செங்கல் நிறத்துக்கு வந்து நிற்கும். எங்கள் டாக்டரோ ரத்தத்திலேயே அளந்து பார்க்கும் முறையைக் கப்பலேறிப் போய்ப் படித்துவிட்டு வந்திருந்தார். விரல் நுனியிலிருந்து சில சொட்டு போதும். விரலைச் சாராயத்தில் துடைத்துக் குத்துவது என் வேலை. கண்ணாடிக் குழாய்களோடு உட்கார்ந்து கணக்குப் போடுவது அவர் வேலை. அந்தக் குழாய்களைப் பூஜைச் சாமான்போலத் துடைத்துத் துடைத்து வைப்பார்.

ஜிலேபிக்காரர் முத்தையாவுக்கு ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்தில் கடை. அவர் போடும் ஜிலேபியில் பாகு காய்ந்து வெள்ளையாகப் பூத்துப்போகாது. மறுநாளும் கண்ணாடிபோல மினுங்கும். பாகில் அவர் என்ன சேர்க்கிறார் என்பது ஊருக்கே தெரியாத ரகசியம். அவர் மனைவி அன்னத்துக்கும் தெரியாது. பாகு காய்ச்சும் நேரத்தில் அவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொள்வாராம். அந்த ரகசியத்தைச் சொல்ல மறுத்ததால்தான் அவருடைய தம்பி சின்னையா கோபித்துக்கொண்டு கிள்ளானுக்குப் போனார். போய், ஸ்டேஷன் பக்கத்தில் தனியாக ஒரு பலகாரக் கடை போட்டார். அந்தக் கடை ஜிலேபி மத்தியானத்துக்குள் வெளுத்துவிடும். அண்ணனும் தம்பியும் பேசி வருடக்கணக்காகிவிட்டது.

ஒருநாள் காலையில் அன்னம் அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார். குளிக்கிற இடத்துச் சாக்கடையில் எறும்பு மொய்க்கிறது, மனுஷன் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறார் என்றார். எறும்பு மொய்த்தால் என்ன வியாதி என்பது அப்போது எல்லாருக்கும் தெரியும். முத்தையாவோ ஏதோ விருந்துக்கு வந்தவர்போல நின்றார். எங்கே போனாலும் வெறுங்கையோடு போகிறவர் கிடையாது. கடை அடுப்பிலிருந்து நேராக எடுத்து வந்த ஜிலேபிகளை வாழையிலையில் பிரித்து டாக்டர் மேசைமேல் வைத்தார். டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கும் எடுத்துக் கொடுத்தார். சூடு ஆறாத ஜிலேபி. நான் மறுக்கவில்லை. டாக்டரும் மறுக்கவில்லை.

டாக்டர் முதலில் கேட்டது சிறுநீரைத்தான். முத்தையா முகம் சுருங்கிவிட்டது.

“விரலைக் கேளுங்க டாக்டர், முழுக் கையையும் தரேன். அதை மட்டும் கேக்காதீங்க. நாலு பேருக்குப் பலகாரம் போடற கை.”

அந்தக் கையும் இந்தச் சோதனையும் எப்படிச் சம்பந்தம் என்று டாக்டர் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். மனிதர் மசியவில்லை. சரி, விரலிலேயே பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். புது முறையைக் காட்ட ஒரு சந்தர்ப்பம் கிடைத்ததில் அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். நான் விரலைச் சாராயப் பஞ்சால் துடைத்துக் குத்தினேன். முத்தையா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. கொதிக்கும் எண்ணெயில் பழகிய விரல். கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

டாக்டர் குழாய்களோடு உள்ளே போனார். வெளியே வந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. திரும்பவும் உள்ளே போய்க் கணக்கைப் போட்டார். மறுபடியும் வந்தார். இந்த அளவுக்குச் சர்க்கரை இருந்தால் ஆள் நினைவிழந்து கிடக்க வேண்டும், உடனே போய் அவரை அழைத்து வா என்று என்னை விரட்டினார்.

நான் ஓடினேன். நினைவிழந்து கிடக்க வேண்டியவர் அடுப்புமுன் நின்று, போன வாரம் வாங்கிய தாம்பாளத்தைத் திருப்பித் தராத ஒருவரைத் தெரு முழுக்கக் கேட்கும்படி திட்டிக்கொண்டிருந்தார். அதே வேகத்தில் ஜிலேபியும் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு வட்டம்கூடக் கோணவில்லை.

அவரையும் அன்னத்தையும் கிளினிக்குக்கு அழைத்து வந்தேன். டாக்டர் விஷயத்தைச் சொன்னதும் அன்னம் அழ ஆரம்பித்தார். முத்தையா முதலில் சிரித்தார். பிறகு டாக்டர் ஒவ்வொரு அறிகுறியாகக் கேட்கக் கேட்க, ஒவ்வொன்றும் அவருக்கு அங்கேயே வந்தது. கண் மங்குகிறதா என்றார் டாக்டர், மங்கியது. கால் மரத்துப்போகிறதா என்றார், மரத்தது. களைப்பு உண்டா என்று கேட்டதும் கட்டிலில் படுத்துவிட்டார். இப்போது சிறுநீர் கேட்டபோது அவர் எதிர்க்கவில்லை. ஆனால் இங்கே வேண்டாம், வீட்டில் போய்க் கொடுக்கிறேன் என்றார். அன்னம் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போய்த் திரும்ப அழைத்து வந்தார். முந்தானைக்குள் மறைத்து ஒரு புட்டியைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். லேசான ரோஸ் நிறமாக இருந்தது. ரத்தமும் கலந்து போகிறதோ என்று டாக்டர் கவலைப்பட்டார். நீல மருந்தோடு கொதிக்க வைத்தோம். பச்சை, மஞ்சள் என்றெல்லாம் தயங்கவே இல்லை. நேராகச் செங்கல் நிறம்.

டாக்டர் உடனே ஊருக்குள் இருக்கும் பெரிய மருந்துக்கடைக்கு இன்சுலின் கேட்டு ஆள் அனுப்பினார். ஐஸில் வைத்து ரிக்‌ஷாவில் வர வேண்டும். இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அதற்குள் முத்தையா தம்பியைப் பார்க்க வேண்டும் என்றார். ரயில்வேக்காரர்கள் நிறைந்த ஊர் அல்லவா, அண்ணனுக்கு ஆபத்து என்ற செய்தி கிள்ளான் ஸ்டேஷனுக்குத் தந்தியில் பறந்தது.

இப்போது டாக்டரின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ரத்தம் ஆபத்து என்கிறது. சிறுநீரும் ஆமாம் என்கிறது. மருந்தைப் போடாமல் விட்டால் ஆள் போய்விடலாம். ஆனால் சர்க்கரை இல்லாத உடம்பில் அந்த மருந்தைப் போட்டால், அப்போதும் ஆள் போய்விடலாம். கட்டிலில் கிடப்பவரோ தன் பெரிய வாணலி யாருக்குப் போக வேண்டும் என்பதை முழங்குகிற குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார்.

“மிஸ்ஸி, அந்த ஆளைப் பாத்தா உனக்கு எப்படி இருக்கு?”

“சாகப்போற மாதிரி பேசறாரு டாக்டர். ஆனா சாகப்போறவங்க இவ்வளவு சத்தமா பேச மாட்டாங்களே.”

அவருக்கும் அதேதான் உறுத்திக்கொண்டிருந்தது. எங்கள் வேலையில் இது ஒரு முக்கியமான இடம். குழாய் ஒன்று சொல்கிறது, ஆள் வேறொன்று சொல்கிறார். இரண்டில் ஒன்று பொய். எது என்று தெரிகிற வரைக்கும் ஊசியைத் தொடக் கூடாது. டாக்டர் அப்படித்தான் முடிவு செய்தார். மருந்து வந்து சேருவதற்குள், வியாதி இல்லாத ஒருவருடைய ரத்தத்தை வைத்துக் குழாய்களையே சோதித்துவிடலாம் என்றார். வியாதி இல்லாத ஆள் யார்? அவர்தான். டாக்டர் தன் விரலையே நீட்டினார். நான் துடைத்துக் குத்தினேன்.

கணக்குப் போட்டு முடித்ததும் டாக்டர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். 

“மிஸ்ஸி, எனக்கும் இருக்கு” என்றார்.

 உன் விரலையும் கொடு என்றார். கொடுத்தேன். எனக்கும் இருந்தது. டாக்டரைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. நான் இரண்டு ஜிலேபி தின்றவள். அதற்கும் இதற்கும் அப்போது முடிச்சுப் போடத் தோன்றவில்லை. அம்மாவிடம் எப்படிச் சொல்வது, தம்பிகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்றுதான் நினைத்தேன். எனக்கும் கால் மரத்துப்போவதுபோல இருந்தது.

இந்த நேரத்தில் கிள்ளான் ரயிலில் சின்னையா வந்து சேர்ந்தார். வாசலிலேயே “அண்ணே” என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினார். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் காத்திருந்த நோயாளிகள் எல்லாம் அழுதார்கள். நான் என் பங்குக்கும் சேர்த்து அழுதேன். அழுது ஓய்ந்ததும் முத்தையா தம்பியின் தலையை இழுத்துத் தன் வாய்ப்பக்கம் வைத்துக்கொண்டு காதில் ஏதோ சொன்னார். நெடுநேரம் சொன்னார். சின்னையா தலையாட்டிக்கொண்டே கேட்டார். பாகு ரகசியம் கைமாறுகிறது என்று அன்னத்துக்குப் புரிந்துவிட்டது. அவர் அழுகை சட்டென்று நின்றது. இத்தனை வருஷம் தனக்குச் சொல்லாததைத் தம்பிக்குச் சொல்வதைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார்.

ரிக்‌ஷாவில் மருந்தும் வந்துவிட்டது. ஐஸ் பாத்திரத்தை நான் டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் ஈப்போவில் இருக்கும் பிறந்தகத்துக்குப் போயிருந்த மனைவிக்கு இரண்டு வரி எழுத உட்கார்ந்திருந்தார். ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை. பேனாவைக் கீழே வைக்கப் பார்க்கிறார், பேனா விரலை விட்டு வரவில்லை. உதறினார், வரவில்லை. உற்றுப் பார்த்தார். பேனாவின் மேல் ஒரு எறும்பு நிதானமாக ஏறி அவர் விரலுக்குப் போய்க்கொண்டிருந்தது. டாக்டர் அந்த எறும்பைப் பார்த்தார், மேசைமேல் இருந்த வாழையிலையைப் பார்த்தார். பிறகு, படித்த மனிதர், கப்பலேறிப் போய்வந்தவர், ஆள்காட்டி விரலை வாயில் வைத்துச் சப்பினார்.

“இனிக்குது” என்றார்.

நானும் என் விரலைச் சப்பினேன். இனித்தது.

சாராயப் பஞ்சால் துடைத்தால் கிருமி சாகும், பாகு போகாது. பாகு கரைவதற்குத் தண்ணீர் வேண்டும். நாங்கள் அளந்ததெல்லாம் முத்தையாவின் சரக்கைத்தான். அன்னத்தைக் கேட்டேன், அந்தப் புட்டி எங்கே எடுத்தது என்று. கடையில் ரோஸ் சர்பத் ஊற்றி வைத்திருந்த புட்டியாம். இருந்ததைக் கொட்டிவிட்டுத்தான் கொண்டுவந்தேன் என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னார். முத்தையா அந்தச் சர்பத்தையும் தன் பாகிலிருந்துதான் கலக்குவாராம்.

இதோடு முடிந்தது என்று நான் எழுந்தேன். டாக்டர் முடியவில்லை என்றார். சாதாரண வெள்ளைச் சர்க்கரை இந்தச் சோதனையில் தெரியவே தெரியாதாம். பழத்தில், தேனில், ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை வேறு ஜாதி. இந்த மருந்துகள் அதற்குத்தான் மசியும். அப்படியென்றால் பாகில் வேறு ஏதோ இருக்க வேண்டும். அது என்னவென்று தெரியாமல் பாகின்மேல் பழியைப் போட்டு, வியாதிக்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. நேராகக் கட்டிலுக்குப் போனார்.

“பாகுல சக்கரையைத் தவிர என்ன போடறீங்க?”

முத்தையா வாயை இறுக்கி மூடிக்கொண்டார். பிறகு மெல்லக் கேட்டார்.

“எதுக்குக் கேக்கறீங்க? நான் சாகலையா?”

“அது தெரியத்தான் கேக்கறேன்.”

“சாகலைன்னா சொல்ல மாட்டேன்.”

“சொன்னாத்தானே சாகறீங்களா இல்லையான்னு நான் சொல்ல முடியும்?”

முத்தையா கூரையைப் பார்த்து யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். அவர் நெற்றி வியர்த்ததை நான் பார்த்தேன். உயிர் ஒரு பக்கம், பாகு ஒரு பக்கம். இரண்டும் அவருக்கு ஒரே எடையில் இருந்தன. சின்னையா அண்ணன் முகத்தைப் பார்த்தார், ஐஸ் பாத்திரத்தைப் பார்த்தார். பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டார்.

“லிமாவ் கஸ்தூரி, டாக்டர். அந்தச் சின்ன எலுமிச்ச. பாகு கொதிக்கறப்ப புழியறாரு. பழைய பாகைக் கொட்டறதே இல்லையாம். அதுலயே புதுசு சேத்துச் சேத்து, வருஷக்கணக்கா இளந்தணல்ல கிடக்குதாம்.”

முத்தையா கண்ணை மூடிக்கொண்டார். அன்னம், “எலுமிச்சங்காயா” என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு சொல்லுக்காகவா இத்தனை வருஷம் கதவைச் சாத்தினாய் என்பது அதில் முழுக்க இருந்தது. டாக்டர் மட்டும் குதிக்காத குறை. புளிப்போடு நெடுநேரம் கொதித்தால் வெள்ளைச் சர்க்கரை உடைந்து அந்த வேறு ஜாதிச் சர்க்கரையாக மாறிவிடும் என்றார். பாகு பூக்காமல் இருப்பதற்கும் அதுதான் காரணம். எங்கள் மூன்று பேருக்கும் சர்க்கரை வியாதி வந்ததற்கும் அதுதான் காரணம்.

முத்தையாவைக் குழாயடிக்குக் கூட்டிப்போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தேன். நகத்துக்குள் இருந்ததே ஒரு ஜிலேபிக்கு ஆகும். சுடுதண்ணீரில் இன்னொரு முறை கழுவி, துடைத்து, காய வைத்துக் குத்தினேன். எந்தக் குறையும் இல்லை. கடைசியாக எங்கள் புட்டியிலேயே சிறுநீர் கொடுத்தால்தான் விடுவேன் என்றார் டாக்டர். அதற்குத்தான் அதிக நேரம் ஆயிற்று. சின்னையா கதவுக்கு வெளியே குழாயைத் திறந்துவிட்டு, “தண்ணி சத்தம் கேக்குதாண்ணே” என்று தைரியம் சொல்லிக்கொண்டே நின்றார். கொதிக்க வைத்தோம். நீலம். அவ்வளவு அழகான நீலத்தை நான் பிறகு பார்த்ததில்லை.

சாக்கடையில் எறும்பு மொய்த்தது அவர் தினமும் அங்கே கை கழுவியதால். தண்ணீர் குடித்தது நாள் முழுக்க அடுப்பின்முன் நின்றதால். டாக்டரும் நானும் கழுவிய விரல்களைக் குத்திக்கொண்டு மறுபடி பார்த்தோம், பிழைத்தோம். ஈப்போவுக்கு எழுத உட்கார்ந்த காகிதத்தை அவர் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டதை நான் பார்க்காததுபோல இருந்தேன். ஐஸில் வந்த மருந்து பிரிக்கப்படாமலே திரும்பிப் போயிற்று. மறுநாள் ரத்தம் எடுக்கும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பேசினும் சோப்பும் வந்தன. நீங்கள் கை கழுவச் சொல்லும்போது சில பேர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

கொஞ்ச நாள் கழித்து முத்தையா கிளினிக்குக்கு வந்தார். ஜிலேபி கொண்டு வரவில்லை. கிள்ளானில் சின்னையாவின் ஜிலேபி இப்போது மறுநாளும் மினுங்குகிறதாம். அங்கேயிருந்து ரயிலேறி வந்து வாங்கிக்கொண்டிருந்தவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்களாம். “நீங்கதானே டாக்டர் நான் சாகப்போறேன்னு சொன்னீங்க” என்று நியாயம் கேட்டார்.  அண்ணனும் தம்பியும் திரும்பவும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

இதை நான் சிரிப்புக் கதையாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். மறு வருஷம் சின்னையா வந்தார். தண்ணீர்த் தாகம் என்றார். ராத்திரியில் அடிக்கடி எழ வேண்டியிருக்கிறது என்றார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. முதலில் கையைக் கழுவுங்கள் அண்ணே என்றேன். கழுவினார். குத்தினேன். டாக்டர் வெளியே வந்து, இன்னும் நன்றாகக் கழுவச் சொல் என்றார். நகத்தை வெட்டி, சுடுதண்ணீரில் கழுவி, வேறு கையில் குத்தினேன். அதே பதில். எங்கள் புட்டியில் எடுத்த சிறுநீரும் செங்கல் நிறம். அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். ரயிலிலிருந்து குதித்து ஓடி வந்த மனிதரின் சட்டை இப்போது ஆணியில் மாட்டியதுபோலத் தொங்கியது. கன்னம் ஒட்டியிருந்தது. இந்தத் தடவை குழாயும் ஆளும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். நான் மட்டும்தான் பழைய சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நம்பாமல் இருக்கக் கற்றுக்கொண்டவள் நம்பவும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: ஒவ்வொரு தடவையும் ஆளை முதல் தடவை பார்ப்பதுபோலப் பாருங்கள்.

சின்னையாவுக்கு அன்றைக்கே மருந்தைத் தொடங்கினார்கள். செய்தி கேட்டு முத்தையா கடையைப் பூட்டிவிட்டு வந்து சேர்ந்தார். தம்பியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அடுத்த முறை ரத்தம் எடுக்கச் சின்னையா வந்தபோது, ஸ்டேஷனிலிருந்து அவரைக் கூட்டி வந்தது முத்தையாதான். அதற்கடுத்த முறையும் அவர்தான். தம்பியைக் குழாயடிக்கு இழுத்துப்போய், சோப்புப் போட்டு, ஒவ்வொரு விரலாகத் தானே தேய்த்துக் கழுவிவிடுவார். கழுவிய விரலை மோந்து பார்த்துவிட்டுத்தான் என்னிடம் நீட்டுவார். நான் குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். தம்பியின் மணிக்கட்டை மட்டும் விட மாட்டார்.

ஒருநாள் அப்படிப் பிடித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

“பாகு ரகசியத்தை மட்டுந்தான் வாங்கிட்டுப் போனான்னு நெனச்சேன் மிஸ்ஸி. எனக்கு வந்த வியாதியையும் சேத்து வாங்கிட்டுப் போயிட்டான்.”

சின்னையா சிரித்தார். முத்தையா சிரிக்கவில்லை. பஞ்சை வாங்கித் தம்பியின் விரலில் வைத்து, ரத்தம் நிற்கிற வரைக்கும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.